பெட்டிக்குள் கிடந்த பழைய தோல் பூட்ஸை மறுபடி காலில் போட: முழுமையான வழிகாட்டி

இது தைத்துச் செய்த தோல் பூட்ஸ்களுக்கான வழிகாட்டி. ஐயாவின் டிரங்குப் பெட்டியில் கிடைத்த கணுக்கால் பூட்ஸாக இருக்கலாம். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் வீதியில், பழைய மரச்சாமான்களுக்கும் எனாமல் பாத்திரங்களுக்கும் நடுவே கண்ணில் பட்டு வாங்கியதாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் வேலை ஒன்றுதான்.

புதிதாக இதில் இறங்குகிறவர்கள் அநேகமாக ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். பூட்ஸைக் கையில் எடுத்ததும் எண்ணெயைத் தேடுகிறார்கள். காய்ந்து விறைத்த தோலைப் பார்த்தால் கை அப்படித்தான் பரபரக்கும். ஆனால் தூசியும் பூஞ்சையும் இருக்கும்போதே எண்ணெய் விட்டால், அவை எண்ணெயோடு உள்ளே இறங்கிவிடும். அப்புறம் எடுக்க முடியாது. எண்ணெய் ஏறிய ஓரத்தில் சோல் பசை ஒட்டாது. உள்ளுக்குள் இற்றுப்போன தோலாக இருந்தால் எண்ணெய் பட்ட இடம் கறுத்துப் பிசுபிசுத்துவிடும்.

அதனால் இந்த வேலையில் கைத்திறமையைவிட வரிசை முக்கியம். முதலில் பரிசோதனை, பிறகு உலர் சுத்தம், ஈரத் துடைப்பு, காயவைத்தல், கொஞ்சம் எண்ணெய், தையல், சோல், நிறம், கடைசியில் மெழுகு. ஒரு படியைத் தாண்டிப் போனால் திரும்பி வந்து அதைச் செய்வது பெரும்பாலும் முடியாது.

ஒரு ஜோடிக்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள். கை வேலை சில மணி நேரம்தான், மீதியெல்லாம் காத்திருப்பு. நம் பக்கத்தில் தை, மாசி, பங்குனி இதற்குத் தோதான மாதங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தோல் காயவே காயாது. காய்வதற்குள் பூஞ்சை பிடித்துவிடும். சித்திரை வெயிலில் வேறு ஆபத்து உண்டு, அதைக் காயவைக்கும் இடத்தில் சொல்கிறேன்.

1. முதலில் தோலுக்கு உயிர் இருக்கிறதா என்று பாருங்கள்

பூட்ஸை எடுத்ததும் கையை உள்ளே விடாதீர்கள். வீட்டுக்கு வெளியே கொண்டுபோய்க் கவிழ்த்துத் தட்டுங்கள். பூட்டிக் கிடந்த வீட்டில் எடுத்தது என்றால் தேள் இருக்கலாம்.

பிறகு கட்டைவிரலால் தோலைத் தேயுங்கள். விரலில் செங்கல் நிறப் பொடி ஒட்டினால் அது மரப்பட்டை போட்டுப் பதனிட்ட தோல் உள்ளுக்குள் அமிலம் ஏறி இற்றுப்போனதன் அடையாளம். நார்களே அறுந்துவிட்டதால் எந்த எண்ணெயும் அதைத் திரும்பக் கட்டாது. மேலாகப் பொடிந்தால் தூசி தட்டி, காட்சிக்கு வைத்துக்கொள்ளலாம். காலில் போடும் நினைப்பை விட்டுவிட வேண்டியதுதான்.

பொடி வரவில்லை என்றால் விரல் மடியும் இடத்தில் மெதுவாக, மிக லேசாக வளைத்துப் பாருங்கள். முழுதாக மடக்கிப் பார்க்கக் கூடாது. காய்ந்த தோல் மடிப்பில் ஒருமுறை வெடித்தால் அந்த வெடிப்பு நிரந்தரம். விறைப்பாக இருந்து, வெடிப்புச் சத்தம் எதுவும் கேட்கவில்லை என்றால் நல்ல செய்தி.

மூன்றாவது, எந்தத் தோல் என்று தெரிந்துகொள்ளுங்கள். லேஸுக்குக் கீழே இருக்கும் நாக்கின் வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். நடுவிலும் பழுப்பாக இருந்தால் பட்டைத் தோல். நடுவில் சாம்பலோ நீலமோ கலந்து தெரிந்தால், குரோமிய உப்பில் பதனிட்ட குரோம் தோல். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத்திலிருந்து வரும் ஷூக்களில் இப்போது பார்ப்பது பெரும்பாலும் இதுதான். பட்டைத் தோல் தண்ணீருக்கும் சூட்டுக்கும் சீக்கிரம் சுருங்கும், இரும்பு பட்டால் கறுக்கும். குரோம் தோல் கொஞ்சம் தாங்கும். இந்த வித்தியாசம் பின்னால் பல இடத்தில் வரும்.

நாக்கின் உள்பக்கம் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். உடனே உறிஞ்சிக் கறுத்தால் மேல் பூச்சு போய்விட்டது, ஈரத்தைக் கவனமாகக் கையாள வேண்டும். முத்தாக நின்றால் மேலே மெழுகோ பூச்சோ இருக்கிறது.

கடைசியாக சோல். ஓரத்தைச் சுற்றி வெல்ட் என்ற தோல் பட்டை ஓடி, அதன் மேல் தையல் தெரிந்தால் சோலை மாற்ற முடியும். அடியில் தையல் தெரியாவிட்டாலும் பதற வேண்டாம், பள்ளம் வெட்டி அதற்குள் மறைத்துத் தைப்பதுண்டு. ஆனால் வெறும் அலங்காரத்துக்கு வெல்ட் போட்டு, சோலைப் பசையில் ஒட்டிய பூட்ஸும் நிறைய இருக்கிறது. நகம் பட்டதும் உதிரும் பாலியூரித்தேன் சோல் என்றால் அதை ஒட்டிப் பயனில்லை. போடாமல் வைத்திருந்தாலும் காற்றின் ஈரமே அதைச் சிதைத்துவிடும். புது சோல்தான் போட வேண்டும்.

2. கையில் எடுத்து வைக்க வேண்டியவை

பாதி வேலையில் சாமானுக்கு ஓடினால் ஈரத் தோல் தானாகக் காய்ந்து வரி விழும். எல்லாவற்றையும் முன்னாலேயே எடுத்து வையுங்கள்.

சுத்தம் செய்ய: குதிரைமுடி பிரஷ் ஒன்று, பழைய பல் துலக்கும் பிரஷ் இரண்டு, பழைய பனியன் துணி, தோலுக்கென்றே வரும் சாடில் சோப். சாடில் சோப் கிடைக்காவிட்டால் நிறமில்லாத கிளிசரின் சோப்பு போதும். துணி சோப்பும் பாத்திரம் விளக்கும் திரவமும் வேண்டாம். தோல் இயல்பில் லேசான அமிலத்தன்மை உள்ளது. காரம் அதிகமான சோப்பு அதன் பதத்தைக் கெடுக்கும், உள்ளே இருக்கும் கொழுப்பையும் இழுத்துவிடும். பூஞ்சைக்கு மருந்துக்கடையில் 70 சதவீத ஐசோப்ரொப்பில் ஆல்கஹால் வாங்குங்கள்.

பதப்படுத்த: நீட்ஸ்ஃபுட் ஆயில், அல்லது விளக்கெண்ணெயும் தேன்மெழுகும். நிறத்துக்கு கிரீம் பாலிஷ், மேலே டப்பாவில் வரும் மெழுகு பாலிஷ். இவை இரண்டை மட்டும் கடைசியில், தோலின் நிறம் தெரிந்த பிறகு வாங்குங்கள்.

பழுதுபார்க்க: ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்குள் மெழுகு பூசிய பாலியெஸ்டர் நூல், மொட்டை முனை ஊசி இரண்டு, குத்தூசி, 80, 220, 400 எண் உப்புத்தாள், செருப்புக் கடைக்காரர்கள் சொலூஷன் என்று சொல்லும் ரப்பர் பசை. ஃபெவிபாண்ட் மாதிரி டியூபில் வருவதும் இந்த வகைதான். ஃபெவிக்விக் வேண்டவே வேண்டாம். அது கண்ணாடியாக இறுகும், நடக்கும்போது வளையும் தோலில் விரிசல் விட்டு, ஒட்டிய இடத்துத் தோலையும் பிய்த்துக்கொண்டு வரும்.

ஒட்டுப் போடத் தோல் துண்டு வேண்டுமானால் பட்டைத் தோலே கேளுங்கள். திண்டுக்கல், திருச்சி, ஈரோடு பக்கத்துத் தோல் பதனிடும் தொழிலில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் பழகிய சரக்கு. பட்டைத் தோல் பூட்ஸுக்கு அந்தத் துண்டு நன்றாகப் பொருந்தும், ஓரத்தைச் சீவி மெலிதாக்கவும் வசதி.

வேலை செய்யும் இடத்தில் கோணிப்பை விரித்துக்கொள்ளுங்கள். ஆத்தங்குடிக் கல் தரையில் வெறுமனே உட்கார்ந்து செய்யாதீர்கள். அது சிமெண்டுப் பூக்கல். எண்ணெய் சிந்தினால் கறை இறங்கும், வினிகர் சிந்தினால் பளபளப்பு போகும், பூட்ஸ் அடியில் லாடமோ ஆணியோ இருந்தால் கோடு விழும்.

3. தண்ணீர் படுவதற்கு முன் உலர் சுத்தம்

லேஸைக் கழற்றுங்கள், உள்ளே தனியாகப் போட்ட மெத்தை இருந்தால் எடுத்துவிடுங்கள். நாக்கை முழுதாக வெளியே இழுத்துவிட்டு, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு குதிரைமுடி பிரஷால் துடையுங்கள். வெல்ட்டும் மேல்தோலும் சேரும் இடுக்கில் பல் பிரஷ். அந்த இடுக்கில்தான் மணல் உட்கார்ந்திருக்கும். ஈரம் பட்டால் அது சேறாகித் தையல் ஓட்டைக்குள் போகும். பிறகு ஒவ்வொரு நடைக்கும் நூலை அறுக்கும்.

வெள்ளைப் படலம் இருந்தால் உடனே பூஞ்சை என்று முடிவுகட்டாதீர்கள். ஹேர் டிரையரை எட்ட வைத்து லேசாகச் சூடு காட்டுங்கள். உருகி மறைந்தால் அது தோலுக்குள் இருந்த கொழுப்பு மேலே பூத்தது. துணியால் துடைத்தால் போதும். சூட்டுக்கு அசையாமல், ஈரத் துணிக்குக் கரைந்து, காய்ந்ததும் திரும்ப வந்தால் வியர்வை உப்பு. இரண்டும் இல்லாமல் பஞ்சாக, புள்ளிப் புள்ளியாக இருந்து, மக்கிய வாடையும் அடித்தால் பூஞ்சை.

பூஞ்சையை வீட்டுக்குள் தட்டக் கூடாது. அதன் வித்துகள் அறை முழுக்கப் பரவும். வெளியே வைத்து, ஆல்கஹால் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி ஒற்றி எடுங்கள். துணியை அடிக்கடி மாற்றுங்கள். அதற்கு முன் நாக்கின் மறைவான இடத்தில் சோதிப்பது கட்டாயம், சில சாயங்கள் ஆல்கஹாலில் கழன்றுவிடும். உள்பக்கத்தையும் இதேபோல் துடைத்து ஒருநாள் காற்றாட விடுங்கள். வெளியே மட்டும் துடைத்தால் உள்ளிருந்து அது திரும்ப வரும்.

பாச்சை உருண்டை வாடைக்கும் மருந்து காற்றுதான். முற்றத்தைச் சுற்றிய வளவில் நிழலான இடத்தில் சில நாள் திறந்து வையுங்கள். சென்ட் அடித்து மறைக்க வேண்டாம்.

4. ஈரத் துடைப்பு

நனைத்துப் பிழிந்த துணி, அதில் சோப்பை ஒரு தேய்ப்பு, அவ்வளவுதான் ஈரம். வட்டமாகத் தேய்த்து, நுரை அழுக்கானதும் வேறொரு ஈரத் துணியால் எடுத்துவிடுங்கள். சோப்பைத் தோலில் விட்டுவைக்கக் கூடாது.

அழுக்கு இருக்கும் இடத்தை மட்டும் துடைப்பதுதான் இங்கே பலரும் செய்யும் தவறு. நனைந்த இடத்துக்கும் நனையாத இடத்துக்கும் எல்லையில், காய்ந்த பிறகு ஒரு கறுத்த கோடு நிற்கும். அழுக்கு ஓரிடத்தில் இருந்தாலும் முனையிலிருந்து குதிகால் வரை முழுப் பூட்ஸையும் ஒரே அளவு ஈரத்தில் துடையுங்கள். இரண்டாவது பூட்ஸையும் அப்படியே. இல்லாவிட்டால் ஜோடியின் நிறம் மாறிவிடும்.

உப்பு இருந்தால் ஒரு பங்கு வெள்ளை வினிகர், ஒரு பங்கு தண்ணீர் கலந்து துடைத்து, பிறகு வெறும் ஈரத் துணி. ஒரு தடவையில் போகாது. ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் காயவிடுங்கள்.

பட்டைத் தோல் ஈரமாக இருக்கும்போது இரும்பு நாரோ துருப்பிடித்த கருவியோ பக்கத்தில் வரக் கூடாது. கடுக்காயோடு அன்னபேதி என்ற இரும்பு உப்பு சேர்த்து முன்பு எழுதும் மை செய்வார்களே, அதே வினைதான் தோலில் நடக்கிறது. பட்டையின் துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் கருநீலக் கறை. லேசான கறையை எலுமிச்சைச் சாறு ஒற்றி, உடனே ஈரத் துணியால் துடைத்துக் குறைக்கலாம். ஆழமானது அங்கேயே தங்கும்.

5. காயவைத்தல்

அதிகம் கெடுவது இந்தப் படியில்தான், அதுவும் அவசரத்தால். ஈரத் தோல் சூட்டைத் தாங்காது. உலர்ந்த நிலையில் தாங்கும் சூட்டைவிடக் குறைந்த சூட்டிலேயே ஈரப் பட்டைத் தோலின் நார்கள் சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். சுருங்கிய தோல் பலகையாகிவிடும், அதை யாரும் இளக்க முடியாது. முற்றத்துக் கல் சித்திரை மதியத்தில் கால் வைக்க முடியாமல் கொதிப்பது நமக்குத் தெரியும். அங்கே ஈரப் பூட்ஸை வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

முற்றத்தைச் சுற்றிய வளவில், நிழலில், காற்று ஓடும் இடம்தான் சரி. நம் செட்டிநாட்டு வீடுகளை அந்தக் காற்றுக்காகவே கட்டியிருக்கிறார்கள், அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஹேர் டிரையர், அடுப்பங்கரை, மின்விசிறிக்கு நேர் கீழே எதுவும் வேண்டாம்.

உள்ளே காகிதத்தைக் கசக்கி அடையுங்கள். அது ஈரத்தை உறிஞ்சும், முன்பக்கம் சப்பிப்போகாமல் வடிவத்தையும் காக்கும். வெளிர் நிற உள்தோல் என்றால் செய்தித்தாள் மை ஒட்டும், அச்சில்லாத காகிதம் வையுங்கள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை காகிதத்தை மாற்றி, இரண்டு நாள் விடுங்கள். படுக்கவைத்துக் காயவையுங்கள், சோலின் அடிப்பக்கத்துக்கும் காற்று வேண்டும்.

மர அச்சு இருந்தால் பாதி காய்ந்த பிறகு போடுங்கள். முழு ஈரத்தில் பெரிய அச்சைத் திணித்தால் பழைய தையல் பிரியும்.

6. எண்ணெய், கொஞ்சமாக

இப்போதுதான் எண்ணெயின் முறை வருகிறது. தையலுக்கும் சோலுக்கும் முன்பே இதைச் செய்யக் காரணம் உண்டு. விறைத்த தோலைப் பிடித்து வளைத்துத் தைத்தால் வெடிக்கும். அதனால் வளையும் அளவுக்கு மட்டும் இப்போது, மீதியை எல்லாப் பழுதும் முடிந்த பிறகு.

ஒரு பூட்ஸுக்கு அரைத் தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். துணியில் எடுத்து, விரல் மடிப்பிலும் கணுக்கால் மடிப்பிலும் தொடங்கி மெலிதாகப் பரப்புங்கள். வெல்ட்டிலிருந்து ஒரு விரல் அகலம் தள்ளியே நிறுத்துங்கள். ஒரு இரவு விட்டு மறுநாள் வளைத்துப் பாருங்கள். விறைப்பு இருந்தால் இன்னொரு முறை அதே அளவு.

ஒரே தடவையில் ஊற்றி ஊறவைத்தால் தோல் சீக்கிரம் மிருதுவாகும் என்பது உண்மை. ஆனால் அந்த மிருது நிற்காது. அதிக எண்ணெய் குடித்த தோல் தொளதொளத்து, கணுக்காலைப் பிடிக்கும் திடத்தை இழந்துவிடும். அதைப் பிழிந்தெடுக்க வழி இல்லை.

எந்த எண்ணெய்? மாட்டின் கால் எலும்பிலிருந்து எடுக்கும் நீட்ஸ்ஃபுட் ஆயில் எனக்கு முதல் தேர்வு, மெலிதாக உள்ளே இறங்கும். அடுத்தது விளக்கெண்ணெய். புதுத் தோல் செருப்பு கடிக்காமல் இருக்க நம் ஊரில் தடவுவதும் அதுதான். அது கெட்டியானது, தனியாகப் பூசினால் மேலேயே பிசுக்காக நின்று புழுதியை ஒட்டவைக்கும். எடையில் நான்கு பங்கு விளக்கெண்ணெய்க்கு ஒரு பங்கு தேன்மெழுகு சேர்த்து, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த சின்னக் கிண்ணத்தில் உருக்குங்கள். மெழுகு 65 டிகிரிக்குள் உருகிவிடும், நேரடித் தீ வேண்டாம். ஆறிக் கட்டியான பிறகு விரலால் எடுத்துத் தேயுங்கள். உருகியிருக்கும்போதே பூசினால் அந்தச் சூடே தோலைச் சுருக்கும்.

நல்லெண்ணெய், கடலை எண்ணெய் வேண்டாம். நாளானால் சிக்கு வாடை அடிக்கும், கரப்பான் வரும். தேங்காய் எண்ணெய் சீக்கிரம் உள்ளே போய்த் திட்டுத் திட்டாகக் கறுக்கவைக்கும், குளிர்நாளில் உறைந்து வெள்ளையாகப் பூக்கும். மண்ணெண்ணெய் தோலின் கொழுப்பையே கரைத்துக்கொண்டு போகும். எந்த எண்ணெயானாலும் பட்டைத் தோலை ஒரு சாயல் கறுக்கவைக்கும் என்பதை ஏற்றுக்கொண்டே தொடங்குங்கள். மெத்தென்ற ஸ்வேட் (suede) தோலுக்கு இந்தப் படியே கிடையாது.

7. தையலும் கிழிசலும்

பிரிந்த தையலுக்குப் பழைய ஓட்டைகளையே பயன்படுத்துங்கள். பழைய தோலில் ஓட்டைகளுக்கு நடுவே புது ஓட்டை குத்தினால், தபால்தலை ஓரம் மாதிரி வரிசையாக ஓட்டை விழுந்து மொத்தமாகக் கிழிந்து வரும். மொட்டை ஊசி எடுக்கச் சொன்னதும் இதற்காகத்தான். கூர் ஊசி வழி தவறிப் புது ஓட்டை போடும்.

தைக்க வேண்டிய நீளத்தைப் போல நான்கு மடங்கு நூல் வெட்டி, இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு ஓட்டையிலும் இரண்டு ஊசியும் எதிரெதிராகப் போகும்படி தைத்து வாருங்கள். ஒரு பக்க நூல் தேய்ந்து அறுந்தாலும் மற்ற நூல் பிடித்திருக்கும். பிரியாத பழைய தையலின் மேல் மூன்று நான்கு ஓட்டை ஏறித் தொடங்கி, அதேபோல ஏறி முடியுங்கள். நூலை இழுத்து உட்காரவைக்க வேண்டும், வெறியோடு இழுக்கக் கூடாது. மெலிந்த தோலைப் பாலியெஸ்டர் நூல் அறுத்துவிடும்.

கிழிசலுக்கு உள்பக்கமிருந்து ஒட்டு. ஒட்டுத்துண்டின் ஓரத்தைக் கத்தியால் சீவி மெலிதாக்குங்கள், இல்லாவிட்டால் அந்தப் படி காலில் குத்தும். உள்பக்கம் எண்ணெய் இருந்தால் ஆல்கஹாலால் துடைத்து, 220 தாளால் தேய்த்து, இரு பக்கமும் மெலிதாகப் பசை பூசி ஒட்டுங்கள். மேலே ஒட்டினால் கண்ணை உறுத்தும், ஓரம் எழும்பும்.

மடிப்பில் விழுந்த வெடிப்பு மூடாது. அது பெரிதாகாமல் நிறுத்துவதுதான் நம்மால் முடிந்தது. 400 தாளால் ஓரத்தைச் சமப்படுத்தி, வளையும் தன்மையுள்ள தோல் நிரப்பியை மெல்லிய அடுக்குகளாகப் பூசி, ஒவ்வொன்றையும் காயவிடுங்கள். ஆழமாகப் போன வெடிப்பென்றால் உள்ளே ஒட்டும் வேண்டும்.

8. சோல்: எது உங்கள் வேலை, எது கடைக்காரர் வேலை

முன்பக்கம் வாய் பிளந்திருப்பதை வீட்டில் ஒட்டலாம். இடுக்கிலிருந்து பழைய பசையை முழுக்கச் சுரண்டுங்கள். பழைய பசை மேல் புதுப் பசை பூசினால், புதுசு பழசைப் பிடிக்கும், பழசு தோலை விட்டுவிடும். 80 தாளால் இரு பக்கமும் சொரசொரப்பாக்கி, பொடியைத் துடைத்து, இரு பக்கமும் மெலிதாகச் சொலூஷன் பூசுங்கள்.

அப்புறம் காத்திருங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வரும். ஈரமாக இருக்கும்போதே சேர்ப்பதுதான் ஒட்டு விட்டுப்போக முதல் காரணம், ஏனென்றால் உள்ளே அகப்பட்ட கரைப்பான் வெளியேற வழியில்லை. பதம் வந்ததும் சரியான இடத்தில் வைத்து ஒரே முறையில் அமுக்குங்கள், தொட்டவுடன் பிடித்துக்கொள்ளும். சுத்தியலால் தட்டி, கயிற்றால் சுற்றிக் கட்டி ஒருநாள் முழுக்க விடுங்கள். இந்தப் பசையின் ஆவி தீப்பிடிக்கும், சாமி விளக்கும் அடுப்பும் எரியும் இடத்தில் திறக்காதீர்கள்.

சோல் முழுதும் தேய்ந்திருந்தால், அல்லது நடுவில் அமுக்கினால் உள்வாங்கினால், நல்ல செருப்பு தைக்கிறவரிடம் கொடுங்கள். கொக்கி ஊசியால் தடித்த தோலைத் தைக்கும் கை ஒரு நாளில் வருவதில்லை, அதைக் கூலி கொடுத்து வாங்குவதில் குறைவொன்றும் இல்லை. ஆனால் என்ன வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிக் கொடுங்கள்: "அண்ணே, வெல்ட்டை வெட்டாதீங்க. பழைய ஓட்டையிலேயே தைங்க. ஓரத்துல ஆணி வேண்டாம், ஹீல்ல மட்டும் அடிங்க." ஓரத்தில் ஆணி அடித்தால் சீக்கிரம் பிடிக்கும், கூலியும் குறையும். ஆனால் ஆணி துருப்பிடித்துச் சுற்றியிருக்கும் வெல்ட்டைத் தின்றுவிடும். அடுத்தமுறை சோல் மாற்ற வெல்ட்டே இருக்காது.

சோலைப் பிரித்தபோது உள்ளே தக்கைத் தூள் உதிர்ந்தால் பயப்பட வேண்டாம், அது இடம் நிரப்ப வைத்ததுதான். புதுத் தக்கைத் தாள் வெட்டி வைக்கச் சொல்லுங்கள். நடுவில் இருக்கும் எஃகுப் பட்டை துருப்பிடித்து உடைந்திருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிடுங்கள், மூடிய பிறகு தெரியாது.

தோல் சோல் போட்டால் அதன் மேல் மெல்லிய ரப்பர் தாள் ஒட்டச் சொல்வேன். மழைநாள் ஈரம் ஏறாது, வழவழப்பான கல் தரையில் வழுக்காது. பழைய லாடத்தைத் திரும்ப அடிக்கச் சொல்கிறவர்கள் வீட்டுத் தரையை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஹீல் ஒரு பக்கம் தேய்ந்திருந்தால் அடியில் உள்ள கடைசி அடுக்கை மட்டும் மாற்றினால் போதும். வேலை முடிந்து வந்ததும் உள்ளே கைவிட்டுத் தடவி, ஆணி முனை எழும்பியிருக்கிறதா என்று பாருங்கள்.

9. லேஸ் கண், கொக்கி, லேஸ்

பித்தளைக் கண்களைச் சுற்றிப் பச்சையாகப் பிசுபிசுப்பு இருந்தால் அது தாமிரமும் தோலின் கொழுப்பும் சேர்ந்து வந்தது. பல்குத்தும் குச்சியால் சுரண்டி, பஞ்சில் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். எண்ணெய் அதிகமானால் இது திரும்பத் திரும்ப வரும்.

தளர்ந்த கண்ணை உடனே மாற்றுங்கள். ஆடும் கண் ஓட்டையைப் பெரிதாக்கும். பழைய லேஸை வைத்துக்கொள்ள ஆசையிருந்தால் தனியாக எடுத்து வையுங்கள், போடுவதற்குப் புதுசு வாங்குங்கள்.

10. நிறமும் மெழுகும்

எல்லாப் பழுதும் முடிந்த பிறகு, வெல்ட் ஓரம் உட்பட முழுப் பூட்ஸுக்கும் இன்னொரு மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுத்து ஒருநாள் விடுங்கள். பிறகுதான் நிறத்தைத் தீர்மானிக்க வேண்டும், எண்ணெய் இறங்கிய பிறகுதான் தோலின் உண்மையான நிறம் தெரியும். முன்னாலேயே பாலிஷ் வாங்கியவர்கள் பெரும்பாலும் ஒரு சாயல் தவறி வாங்கியிருப்பார்கள்.

முதலில் கிரீம் பாலிஷ். அதிலுள்ள நிறம் சிராய்ப்புகளில் இறங்கும். துணியில் கொஞ்சம் எடுத்து வட்டமாகத் தேய்த்து, பத்து நிமிடம் விட்டு பிரஷ் போடுங்கள். சந்தேகம் வந்தால் ஒரு சாயல் வெளிறிய நிறத்தை எடுங்கள், கறுக்கவைப்பது சுலபம், வெளுக்கவைக்க முடியாது.

அதன் மேல் மெழுகு பாலிஷ், இன்னும் மெலிதாக. செர்ரி பிளாசம், கிவி எதுவானாலும் டப்பாவில் வரும் கட்டி மெழுகே எடுங்கள். நுனியில் பஞ்சு வைத்த திரவப் பாலிஷ் வேண்டாம். அது தோல் மேல் ஒரு படலமாகக் காய்ந்து, மடிப்பில் விரிந்து உரியும், அதற்குக் கீழே எந்த எண்ணெயும் இறங்காது. ஒரு துளித் தண்ணீர் தொட்டு மெழுகை அடுக்கிக் கண்ணாடி மினுக்கம் கொண்டுவர ஆசையா? கெட்டியான முனையிலும் குதிகாலிலும் மட்டும் செய்யுங்கள். மடிப்பில் ஏற்றிய மெழுகு முதல் நடையிலேயே வெடித்து வெள்ளைக் கோடாகத் தெரியும்.

11. போடத் தொடங்கும்போதும் எடுத்து வைக்கும்போதும்

முதல் சில நாள் வீட்டுக்குள் ஒரு மணி நேரம் போட்டு நடந்து, கழற்றி வெல்ட் ஓரத்தையும் மடிப்பையும் பாருங்கள். புதுத் தையலும் பழைய தோலும் ஒன்றுக்கொன்று பழக வேண்டும். தொடர்ந்து இரண்டு நாள் ஒரே பூட்ஸைப் போடாதீர்கள், உள்ளே ஏறிய வியர்வை காய ஒருநாள் வேண்டும்.

எடுத்து வைக்கும்போது பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள், ஈரம் உள்ளே அகப்பட்டுப் பூஞ்சை பிடிக்கும். பழைய வேட்டித் துணியில் பை தைத்து, உள்ளே காகிதம் அடைத்து, தரையில் படாமல் அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். ஐப்பசி பிறக்கும் முன் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு வைத்தால் நல்லது. ஈரம் குடித்து நிறைந்ததை மாற்ற வேண்டும்.

வருஷத்தில் பாதி நாள் பூட்டியிருக்கும் வீடு என்றால் பூட்ஸை அங்கே விட்டுப் போகாதீர்கள், குடியிருக்கும் வீட்டுக்கு எடுத்துப் போங்கள். அது முடியாவிட்டால், வீட்டைக் கூட்டித் திறக்க வருகிறவரிடம் மாதம் ஒருமுறை பையிலிருந்து எடுத்து வளவில் அரை நாள் காற்றாட வைக்கச் சொல்லுங்கள். பாலிஷ் போடச் சொல்ல வேண்டாம், காற்று மட்டும் போதும். எண்ணெய்ப் பூச்சு நடந்து போடும் பூட்ஸுக்கு வருஷத்தில் இரண்டு மூன்று முறை, சும்மா வைத்திருப்பதற்கு ஒருமுறை. அதுவும் தோலைத் தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும்.